வீடாக மாறிய பஸ்ஸில் டிரைவருக்குத் தனி ஏசி: எதை, எங்கே, எப்படிப் பொருத்துவது?

[திரையில்: ஓடும் பஸ்ஸின் முன்கண்ணாடி, டிரைவர் மடியில் விழும் வெயில்]

வணக்கம். பஸ்ஸை வீடாக மாற்றும்போது பலரும் முதலில் கழற்றி எறிவது அதன் பழைய ஏசியைத்தான். நாற்பது, ஐம்பது பயணிகளுக்காகச் செய்த ராட்சத அமைப்பு அது. அடியில் இருக்கும் சாமான் அறையில் பாதியைத் தின்றுவிடும். அதற்குப் பதிலாகக் கூரையில் ஒன்றிரண்டு ஏசி ஏறிவிடும். பஸ் நிற்கும்போது எல்லாம் சரி. ஓட ஆரம்பித்ததும் பின்னால் படுத்திருப்பவருக்குப் போர்வை தேவைப்படும், ஸ்டியரிங் பிடித்திருப்பவர் வியர்வையில் நனைந்திருப்பார்.

இது வசதிக் குறைவு மட்டும் இல்லை. பத்து டன் வண்டியை ஓட்டுபவர் வெக்கையில் களைத்துப்போனால் கவனம் சிதறும். வண்டியில் இருக்கும் எல்லாருடைய பாதுகாப்புக்கும் செய்யும் வேலையாகத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

[திரையில்: மேலிருந்து பார்க்கும் பஸ் வரைபடம், முன்பகுதி சிவப்பில்]

முதலில் கணக்கு. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் வெப்பத்தைக் கொட்டுகிறது. பஸ்ஸின் முன்கண்ணாடி 3 சதுர மீட்டர் என்று வையுங்கள். சாய்வுக்கும் கண்ணாடி தடுப்பதற்கும் கழித்த பிறகும் ஒன்றரை கிலோவாட் உள்ளே வந்துவிடலாம். பக்கக் கண்ணாடி, கதவு இடுக்கில் புகும் காற்று, இன்ஜின் முன்னால் இருந்தால் அதன் மூடியில் இருந்து எழும் அனல் எல்லாம் அதற்கு மேல். ஒரு டன் ஏசி என்பது சுமார் 3,500 வாட். ஆக, டிரைவர் பகுதிக்கு மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றரை டன் தேவைப்படும்.

இதைக் குறைக்க ஒரு மலிவான வழி இருக்கிறது: சீட்டுக்குப் பின்னால் கனமான திரை ஒன்று. 12 மீட்டர் பஸ்ஸுக்குள் ஏறக்குறைய 60 கன மீட்டர் காற்று இருக்கும். திரை போட்டால் நீங்கள் குளிர வைக்க வேண்டியது 10 கன மீட்டர்தான். இன்ஜின் மூடிக்கு அடியில் வெப்பத் தடுப்புப் பாய் ஒட்டுவதும் இதே வகை. இந்த இரண்டையும் செய்துவிட்டு ஏசி வாங்கப் போங்கள்.

சரி, எந்த ஏசி?

கூரை ஏசியையே இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்பது பலரின் முதல் யோசனை. ஒரு டன்னுக்குச் சற்று மேலான கூரை ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கும். 12 வோல்ட் அமைப்பில் அது 120 ஆம்பியருக்கு மேல். ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஜெனரேட்டர்) தாங்கினாலும், இரண்டு மூன்று மீட்டர் பின்னால் கூரையில் இருந்து விழும் காற்று வெயிலில் உட்கார்ந்திருப்பவரின் மார்பை எட்டாது. குளிர்ந்த காற்று நேராக டிரைவர் மேல் பட வேண்டும். அதனால் இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

[திரையில்: இன்ஜின் பக்கவாட்டில் பெல்ட்டுடன் சின்ன கம்ப்ரசர்]

இன்ஜின் முன்னால் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். காரிலும் டிராக்டரிலும் வருகிற, ஒரு சுற்றுக்கு 150 சிசி அளவுள்ள கம்ப்ரசரை இன்ஜினில் பிராக்கெட் போட்டு மாட்டுங்கள். அது எடுப்பது நான்கைந்து குதிரைத்திறன். பஸ் இன்ஜினுக்கு அது ஒரு சுமையே இல்லை. புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், அதன் அளவில் மட்டும் கவனம் வேண்டும். ஆக்ஸிலேட்டரை அழுத்தாத ஐடில் நிலையில் டீசல் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்றுதான் சுற்றும். கம்ப்ரசர் புல்லி சிறியதாக இருந்து 1.5 மடங்கு வேகத்தில் சுற்றினால் நெரிசலில் நிற்கும்போதும் குளிர் வரும். பெல்ட் நேர்கோட்டில் ஓடுகிறதா என்று இரும்புப் பட்டை வைத்துப் பாருங்கள். கொஞ்சம் விலகினாலும் பெல்ட் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

இன்ஜின் பின்னால் இருந்தால்தான் சிக்கல். 10 மீட்டருக்கு மேல் ஹோஸ் போக வேண்டும். செய்யலாம், நிறைய பேர் செய்திருக்கிறார்கள். ஆனால் கூலிங் காயிலில் இருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் சக்‌ஷன் ஹோஸ் காரில் இருப்பது போல அரை அங்குலம் போதாது, எட்டில் ஐந்து அங்குலம் வேண்டும். வழியில் அழுத்தம் குறைந்தால் குளிரும் குறையும். சைலன்சருக்குப் பக்கத்தில் போகக் கூடாது, மேலே காப்பு உறை வேண்டும். நீளமான ஹோஸில் ஆயில் தங்கிவிடுவதால் கூடுதலாக ஆயில் ஊற்ற வேண்டும். இதை மறந்தால் கம்ப்ரசர் ஜாம் ஆகிவிடும்.

எனக்குப் பிடித்தது வேறு. பின் இன்ஜின் பஸ்ஸுக்கு 24 வோல்ட் மின்சார கம்ப்ரசரை முன்னாலேயே வைத்துவிடலாம். 2 கிலோவாட் குளிருக்கு 800 வாட் செலவு என்றால் 24 வோல்ட்டில் 33 ஆம்பியர், 12 வோல்ட்டில் 67. ஹோஸ் இரண்டு மூன்று மீட்டர்தான், கசிவதற்கு இணைப்புகளும் குறைவு. ஒன்றரை டன் வராது என்பது உண்மை. திரையும் வெப்பத் தடுப்பும் போட்டிருந்தால் இது போதும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள். ஆல்டர்னேட்டரில் அவ்வளவு மிச்சம் இருக்கிறதா என்று ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டு அளந்து பாருங்கள்.

[திரையில்: முன்கண்ணாடிக்கு மேலே உள்ள பழைய ஊர்ப் பலகைப் பெட்டி]

கூலிங் காயிலுக்கு இடம் தேடுகிறீர்களா? பழைய நகரப் பேருந்து என்றால் முன்கண்ணாடிக்கு மேலே ஊர் பெயர் எழுதும் பெட்டி காலியாக இருக்கும். அருமையான இடம். ஆனால் காயிலில் இருந்து வடியும் தண்ணீர் பிரேக் போடும்போது முன்னால் பாயும். ஆழமான தட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வடிகுழாய் வைக்காவிட்டால் டிரைவர் தலையில்தான் கொட்டும். காற்று வாய்களில் ஒன்று முகத்துக்கு, ஒன்று மார்புக்கு. ஒன்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் மழையில் படியும் ஆவியையும் அது துடைத்துவிடும்.

கேஸின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சருக்கு முன்பம்பருக்குப் பின்னால் இடம் கிடைத்தால் விடாதீர்கள், ஓடும்போது புதுக்காற்று தானாக வரும். வண்டி நிற்கும் நேரத்துக்குத் தனி ஃபேன் வேண்டும். ரேடியேட்டர் ஊதும் சூடான காற்றில் மட்டும் வைக்காதீர்கள்.

கடைசியாக கேஸ். இந்த வேலையைக் கருவி வைத்திருக்கும் ஏசி மெக்கானிக்கிடம் விடுங்கள். பழைய கேஸ் இருந்தால் காற்றில் விடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஈரத்தை உறிஞ்சும் டிரையரைப் புதிதாகப் போட்டு, உள்ளே இருக்கும் காற்று வெளியேறும்படி குறைந்தது முக்கால் மணி நேரம் வாக்யூம் இழுத்து, அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். நீங்களாக உருவாக்கிய அமைப்புக்கு எத்தனை கிராம் என்ற அட்டவணை எங்கும் கிடைக்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி மீட்டரைப் பார்க்க வேண்டும். வண்டி ஏசிகளில் வரும் 134ஏ கேஸில் தாழ்வுப் பக்கம், அதாவது கம்ப்ரசருக்குத் திரும்பும் பக்கத்து அழுத்தம், 28 பிஎஸ்ஐ என்றால் காயில் ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கிறது என்று பொருள். அதற்குக் கீழே நெடுநேரம் ஓடினால் காயிலில் ஐஸ் கட்டி, காற்றே வராது. அதனால் காயிலில் ஒரு தெர்மோஸ்டாட், லைனில் ஒரு பிரஷர் சுவிட்ச் இரண்டும் கட்டாயம். ஏற்றிய கேஸின் எடையைப் பெட்டியின் உட்புறம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை திறக்கும் மெக்கானிக் முதலில் தேடுவது அதைத்தான்.