ஜூரி இல்லாத நீதிமன்றமும் அப்ரூவரின் வாக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

2001 மார்ச் 15 அன்று டப்ளின் நகரின் சிறப்புக் குற்றவியல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் ஒரு தீர்ப்பை வாசித்தார்கள். கூண்டில் நின்றவர் போதைக் கும்பல் தலைவர் ஜான் கில்லிகன். பத்திரிகையாளர் வெரோனிகா கெரினைக் கொல்லச் சொன்னவர் இவர்தான் என்று அயர்லாந்தில் பெரும்பாலோர் அதற்கு வெகு முன்பே முடிவு கட்டியிருந்தார்கள். நீதிபதிகளுக்கும் பலத்த சந்தேகம் இருந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை. சந்தேகம் இருக்கிறது, ஆனால் ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தார்கள். கஞ்சா கடத்தலுக்கு மட்டும் 28 ஆண்டு சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது 20 ஆண்டாகக் குறைந்தது.

அந்தத் தீர்ப்பு சரியானது என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று சொல்லவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

வெரோனிகா கெரின் 'சண்டே இண்டிபெண்டன்ட்' வார இதழில் எழுதியவர். டப்ளினின் போதைக் கும்பல் தலைவர்களின் வீட்டுக் கதவையே தட்டிக் கேள்வி கேட்டவர். 1995 ஜனவரியில் அவர் வீட்டு வாசலிலேயே தொடையில் சுட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், கேள்வி கேட்கப் போன இடத்தில் கில்லிகன் தன்னை அடித்ததாகக் காவல்துறையிடம் புகார் கொடுத்தார். எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. 1996 ஜூன் 26 அன்று நேஸ் நகர நீதிமன்றத்தில் வேகக் கட்டுப்பாட்டை மீறிய வழக்கு ஒன்றை முடித்துக்கொண்டு திரும்பிவந்தவர், டப்ளினை நெருங்கும்போது சிவப்பு விளக்குக்காகக் காரை நிறுத்தினார். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இருந்தவன் சுட்டான். வெரோனிகாவுக்கு 37 வயது, ஒரு சிறுவனின் தாய். இரண்டு நாள் கழித்து லண்டனில், ஆபத்தில் வாழும் பத்திரிகையாளர்களைப் பற்றிய கூட்டத்தில் அவர் பேசுவதாக இருந்தது.

நாடு கொதித்தது. சில மாதங்களுக்குள் குற்றச் சொத்துச் சட்டமும், குற்றவாளிகளின் சொத்தைத் தேடிப் பறிமுதல் செய்யும் தனிப் பணியகமும் வந்துவிட்டன. ஆனால் கொலையை நிரூபிக்க வேண்டுமே! கில்லிகன் கும்பலுக்குள் இருந்தவர்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. சார்லஸ் பௌடன் என்ற முன்னாள் ராணுவ வீரர், கும்பலின் ஆயுதங்களைப் பராமரித்தவர், அப்ரூவராக, அதாவது கூட்டாளிகளுக்கு எதிரான அரசுச் சாட்சியாக மாறினார். கொலைக்கான துப்பாக்கியைச் சுத்தம் செய்து குண்டு நிரப்பியது தானே என்று ஒப்புக்கொண்டார். அவர் மீது கொலை வழக்கு போடுவதில்லை என்று அரசு வாக்களித்தது. சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டம் அயர்லாந்தில் முதன்முதலாக அவரை வைத்துத்தான் தொடங்கியது.

1998 நவம்பரில் கும்பலைச் சேர்ந்த பால் வார்டு என்பவருக்குக் கொலைக்காக ஆயுள் தண்டனை கிடைத்தது. அதற்குப் பௌடனின் வாக்குமூலமே ஆதாரம். நான்கு ஆண்டுகள் கூட நிற்கவில்லை. தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசும் ஒருவரின் சொல்லை வேறு துணை ஆதாரமின்றி நம்பி ஒருவரைத் தண்டிப்பது ஆபத்தானது என்று 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அதே கும்பலின் பிரையன் மீஹனின் வழக்கு வேறு. 1999-இல் அவருக்கு எதிராகப் பேசிய ரஸ்ஸல் வாரன் என்ற இன்னொரு அப்ரூவரின் வாக்குக்குத் தொலைபேசிப் பதிவுகள் துணை நின்றன. ஆகவே அந்த ஆயுள் தண்டனை நிலைத்தது. வெரோனிகாவின் கொலைக்காக நிலைத்த தீர்ப்பு அது ஒன்றுதான்.

இந்த வழக்குகள் எல்லாம் ஜூரி இல்லாமல் நடந்தவை. நமக்கு இது வியப்பாக இருக்காது. இந்தியாவில் ஜூரி முறை மறைந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அயர்லாந்தில் கொலை வழக்கு என்றால் ஜூரியாகப் பன்னிரண்டு குடிமக்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். 1972-இல் ஐ.ஆர்.ஏ. எனும் ஐரிஷ் குடியரசுப் படையின் வன்முறை உச்சத்தில் இருந்தபோது, ஜூரிகளை மிரட்டிவிடுவார்கள் என்ற அச்சத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட இந்தச் சிறப்பு நீதிமன்றத்தை அமைத்தார்கள். ஆயுதக் குழுக்களுக்காகப் பிறந்த ஏற்பாடு, பின்னால் போதைக் கும்பல்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஜூரியை அகற்றினால் அச்சம் போய்விடுமா? வெரோனிகா இறப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன், லிமெரிக் மாவட்டத்தின் அடேர் கிராமத்தில் அஞ்சலகப் பண வண்டியைக் கொள்ளையடிக்க வந்த ஐ.ஆர்.ஏ. ஆட்கள் துப்பறியும் அதிகாரி ஜெரி மெக்கேபைச் சுட்டுக் கொன்றார்கள். 1999-இல் இதே நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது சாட்சிகள் வாய் திறக்க அஞ்சினார்கள். கொலைக் குற்றச்சாட்டைக் கைவிட்டு, கொலையாகாத மரணம் விளைவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஒப்புக்கொண்டதை அரசுத் தரப்பு ஏற்க வேண்டியதாயிற்று. மெக்கேபின் குடும்பத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

வட அயர்லாந்தின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1983-இல் பெல்ஃபாஸ்டில் கிறிஸ்டோபர் பிளாக் என்ற ஒரே அப்ரூவரின் வாக்கைக் கொண்டு 22 பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள். 1986-இல் அவர்களில் 18 பேரின் தண்டனை மேல்முறையீட்டில் உடைந்தது. ஆள் பிடிக்கும் அவசரத்தில் நீதிமன்றம் காவல்துறையின் கிளை அலுவலகம் போலாகிவிட்டால் இப்படித்தான் முடியும்.

2016 பிப்ரவரி 5 அன்று டப்ளின் ரீஜென்சி ஹோட்டலில், குத்துச்சண்டை வீரர்களுக்கு எடை பார்த்த நிகழ்ச்சியில் காவல்துறை உடை போன்றதை அணிந்த ஆட்கள் தானியங்கித் துப்பாக்கிகளுடன் நுழைந்தார்கள். கினஹன் என்ற குற்றக் கும்பலோடு தொடர்புடைய டேவிட் பைர்ன் கொல்லப்பட்டார். கினஹன் கும்பலுக்கும் அதன் எதிரியான ஹட்ச் தரப்புக்கும் இடையே பழிக்குப் பழி என்று பல உயிர்கள் போயின. இதே சிறப்பு நீதிமன்றத்தில் கொலைக் குற்றச்சாட்டில் நின்றவர் ஜெரி ஹட்ச். முக்கியச் சாட்சி ஜொனதன் டௌடால், ஷின் ஃபேன் கட்சியின் முன்னாள் மாநகராட்சி உறுப்பினர். சுட்டவர்களில் தானும் ஒருவன் என்று ஹட்ச் தன்னிடம் பூங்காவில் சொன்னதாக அவர் சாட்சியம் அளித்தார். டௌடால் மீதும் முதலில் கொலைக் குற்றச்சாட்டு இருந்தது. பிறகு அது சிறிய குற்றமாகக் குறைந்தது. அதற்கு முன்பே, ஒருவரை நாற்காலியில் கட்டிச் சித்திரவதை செய்ததற்காகச் சிறை சென்றவர். ஹட்சும் டௌடாலும் காரில் போகும்போது காவல்துறை ரகசியமாகப் பதிவு செய்த பேச்சிலும் அந்த ஒப்புதல் இல்லை.

2023 ஏப்ரல் 17 அன்று நீதிபதி டாரா பர்ன்ஸ் மணிக்கணக்கில் தீர்ப்பை வாசித்தார். தாக்குதலின் பின்னணியில் ஹட்ச் குடும்பம் இருந்தது என்றும், அந்தத் துப்பாக்கிகள் பின்னர் ஜெரி ஹட்சின் கட்டுப்பாட்டில் இருந்தன என்றும் நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அவர்தான் சுட்டார் என்பதற்கு டௌடாலின் சொல்லை நம்ப முடியாது என்று சொல்லி விடுதலை செய்தது. 2001-இல் கில்லிகன் வழக்கில் எடுத்த அதே நிலைப்பாடு.

என் பார்வையைச் சொல்லிவிடுகிறேன். ஜூரி காரணம் சொல்லாது. ஒரு சொல்லில் முடித்துவிடும். இந்த நீதிபதிகள் காரணம் எழுதியே ஆக வேண்டும். பால் வார்டின் தீர்ப்பை மேல் நீதிமன்றம் வரி வரியாகப் பிரித்துப் பார்க்க முடிந்ததும் அதனால்தான். அந்தக் கடமையை நான் மதிக்கிறேன். ஆனால் யாரை இந்த நீதிமன்றத்துக்கு அனுப்புவது என்பதை முடிவு செய்யும் அரசு வழக்குத் தொடர்வு இயக்குநர், ஏன் அனுப்பினார் என்று விளக்க வேண்டிய கட்டாயம் நெடுங்காலம் இருக்கவில்லை. 2001-இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு இதைத்தான் தவறென்று சுட்டிக்காட்டியது. ஒருவரின் ஜூரி உரிமையைப் பறிக்கும்போது அந்த இயக்குநரும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை ஒரு நீதிபதி சரிபார்க்கவும் வேண்டும்.

நன்றி, வணக்கம்.