தலைக்குள் ஒரு திசைகாட்டி

வணக்கம் நண்பர்களே! இன்றைக்கு ஒரு எறும்பிலிருந்து தொடங்குகிறேன். துனிசியாவில் மஹாரஸ் ஊர்ப் பக்கம் உப்புப் படிந்த வெட்டவெளியில் வாழும் காட்டாகிளிஃபிஸ் எறும்பு. மண் கொதிக்கிற வெயிலில்தான் இரை தேடி வெளியே வரும். வாசனைக் கோடு போட்டு வரிசையாகப் போகிற பழக்கமெல்லாம் கிடையாது. ஒற்றையாக வளைந்து வளைந்து அலையும். செத்த பூச்சி ஒன்று கிடைத்ததும், வந்த வழியை விட்டுவிட்டு நேர்கோட்டில் வளைக்கு ஓடும்.

அந்த நேரம் பார்த்து அதைத் தூக்கிச் சில மீட்டர் தள்ளி விட்டால்? அதே திசையில் அதே தூரம் ஓடி, வளை இருந்திருக்க வேண்டிய வெறுந்தரையில் சுற்றிச் சுற்றித் தேடும். ஆக, அது வளையைப் பார்த்து ஓடவில்லை. தூரத்தைக் காலடியால் அளக்கிறது: 2006-இல் இரை கிடைத்த எறும்புகளின் கால்களில் பன்றி மயிரை ஒட்டி நீளமாக்கியபோது, காலடி பெரிதாகி, அவை வளையைத் தாண்டி ஓடிவிட்டன. திசையைச் சூரியனிலிருந்தும் வானொளியின் தளவிளைவிலிருந்தும் (ஒளி அலைகள் ஒரே திசையில் அதிர்வது) எடுத்துக்கொள்கிறது.

சரி, மூளையில் திசை எங்கே இருக்கிறது? 1984-இல் நரம்பியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ராங்க் எலி மூளையில் சில செல்களைக் கண்டார். தலை ஒரு குறிப்பிட்ட பக்கம் பார்க்கும்போது மட்டும் அந்தச் செல் மின்துடிப்புகளை அனுப்பும். எலி எங்கே நிற்கிறது என்பது பொருட்டே இல்லை. காந்தம் என்று நினைத்துவிடாதீர்கள்! எலியை விட்டிருக்கும் அடைப்பின் சுவரில் அடையாளமாக வைத்த வெள்ளை அட்டையைத் திருப்பி வைத்தால், செல்லின் திசையும் கூடவே திரும்பிவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பழ ஈதான். 2015-இல் அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு மையத்தில் சீலிக், விவேக் ஜெயராமன் இருவரும் ஈயின் தலையை அசையாமல் பிடித்துவைத்து, காற்றில் மிதக்கும் பந்தின் மேல் நடக்கவிட்டார்கள். அதன் மூளை நடுவே உளுந்து வடை போல ஒரு வளையம். செயல்படும் செல்கள் ஒளிரும்படி செய்து நுண்ணோக்கியில் பார்த்தால், வளையத்தின் ஒரு துண்டு மட்டும் மின்னுகிறது. ஈ கால்களால் பந்தை உருட்டித் திரும்பும்போதெல்லாம், அந்த ஒளித்துண்டும் வளையத்தைச் சுற்றி நகர்கிறது!

விளக்கை அணைத்தாலும் அது மறைவதில்லை. தான் எவ்வளவு திரும்பினோம் என்பதை மட்டும் வைத்து மூளை கணக்கைத் தொடர்கிறது. நேரம் ஆக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகும், அவ்வளவுதான். ஆய்வுக் கட்டுரையோடு அந்தக் காணொளியும் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.