காடு மதிலாக நின்ற வரைபடம்: கணினி வெள்ளத்தை எப்படிக் கணிக்கிறது?

வணக்கம். எந்த ஓர் ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்புள்ள பெருவெள்ளம் சூழக்கூடிய இடங்களில் எத்தனை அமெரிக்கர்கள் வசிக்கிறார்கள்? அரசின் வெள்ள வரைபடங்களின்படி 1.3 கோடிப் பேர். நாடு முழுவதையும் ஒரே கணினி மாதிரியில் அடக்கி 2018-இல் வெளியான ஆய்வின்படி 4.1 கோடிப் பேர். ஒவ்வோர் ஆற்றையும் தனித்தனியாக அளந்து வரையப்பட்ட அரசு வரைபடங்களில் விடுபட்ட சிற்றோடைகள்தாம் இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம். 1 சதவீதம்தானே என்று இருந்துவிடாதீர்கள்: 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் அத்தகைய வெள்ளம் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம்.

கணக்கிடும் முறை எளிது. நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்திலிருந்து தாழ்வான அடுத்த கட்டத்துக்கு எவ்வளவு நீர் பாயும் என்று சில நொடிகளுக்கு ஒருமுறை கணிக்கிறார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் பால் பேட்ஸ் குழுவினர், மெதுவாகப் பரவும் வெள்ளத்தில் பெரிய மாறுதல் எதையும் உண்டாக்காத ஓர் உறுப்பைச் சமன்பாட்டிலிருந்து நீக்கி, 2010-இல் இந்தக் கணக்கை வெகுவாக விரைவுபடுத்தினார்கள்.

ஆனால் நிலத்தின் உயரம் தவறாக இருந்தால் எந்தச் சமன்பாடும் உதவாது. என்னைப் பொறுத்தவரை இத்துறையின் உண்மையான போராட்டம் இங்கேதான் நடக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாட்கள் சுற்றிவந்து, உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தின் உயரத்தை ரேடாரால் அளந்தது. அந்த ரேடார் அலைகள் அடர்ந்த காட்டில் தரையைத் தொடாமல் இலைப்பரப்பிலேயே பட்டுத் திரும்பின. அமேசானை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள மனாவுஸ் நகரில் ஆற்றுநீர் ஆண்டுதோறும் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. கரையோரக் காடுகள் மாதக்கணக்கில் நீரில் நிற்கின்றன. அந்த அளவுகளை அப்படியே கணினிக்குக் கொடுத்தால், அது இலைப்பரப்பைத் தரை என்று எடுத்துக்கொள்ளும். காடு மதில்போல எழுந்து நிற்க, உண்மையில் மரங்களுக்கிடையே பரவும் வெள்ளம் கணக்கில் ஆற்றுக்குள்ளேயே அடைபட்டுப் போகும்! ஜப்பானின் டாய் யமசாகி குழுவினர் 2017-இல் மரங்களின் உயரத்தைக் கழித்து உலக உயர வரைபடத்தைத் திருத்தினார்கள். 2022-இல் வெளியான வேறொரு வரைபடம் கட்டடங்களையும் நீக்கியது.

இவ்வளவுக்குப் பிறகும் 30 மீட்டர் பக்கமுள்ள கட்டத்துக்குள் சில மீட்டர் அகலமுள்ள வெள்ளத் தடுப்புக்கரை தெரியாமல் போய்விடுகிறது. ஆகவே எந்தப் பகுதிக்கு முதலில் அளவையாளர்களை அனுப்பலாம் என்று முடிவுசெய்ய இவ்வரைபடங்களை நம்பலாம். வீடு வாங்கப்போகும் நண்பர்கள், இதை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாமல், அந்த மனையின் உயரத்தை நேரில் அளந்து பாருங்கள்.