மெடியாவின் நியாயமும் மெடியாவின் கொலையும்

நேயர்களுக்கு வணக்கம். கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் ‘மெடியா’ என்னும் துன்பியல் நாடகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கொல்கிஸ் நாட்டு இளவரசி மெடியா, கிரேக்க வீரன் ஜேசனுக்காகத் தந்தையைப் பகைத்து, உடன்பிறந்தவனைக் கொன்று, ஜேசனோடு கிரேக்க நாட்டுக் கொரிந்து நகருக்கு வந்து சேர்கிறாள். இரண்டு ஆண் பிள்ளைகளும் பிறந்த பிறகு, ஜேசன் அந்நகர மன்னன் கிரெயோனின் மகளை மணக்கிறான். நாடகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வீட்டைவிட்டு வெளியே வரும் மெடியா, ஊர்ப் பெண்களிடம் நியாயம் கேட்கிறாள். பெரும் பொருள் கொடுத்துக் கணவனை வாங்குகிறோம். வாங்கப்பட்டவனே நம் உடலுக்கு எசமானன் ஆகிறான் என்கிறாள். அவன் நல்லவனா கெட்டவனா என்று முன்கூட்டித் தெரியாது. பிரிந்துவந்தால் பழி பெண்ணுக்குத்தான். வீடு சலித்தால் ஆண் வெளியே போய் ஆறுதல் தேடிக்கொள்வான். பெண்ணுக்கு அந்த ஒரு முகத்தைப் பார்த்திருப்பதே கதி. நாங்கள் போருக்குப் போகிறோமே என்று ஆண்கள் பெருமை பேசினால், ஒருமுறை பிள்ளை பெறுவதைவிட மூன்றுமுறை கேடயத்தோடு களத்தில் நிற்பேன் என்று அடித்துச் சொல்கிறாள்.

எத்தனை முறை படித்தாலும் இந்தப் பேச்சில் மறுக்க ஒரு சொல்கூட எனக்குக் கிடைப்பதில்லை. இது அரங்கேறியது கி.மு. 431இல், ஏதென்ஸ் நகரின் டயோனிசஸ் திருவிழாவில். எழுதியவர் ஆண்; முகமூடி அணிந்து மெடியாவாக நடித்தவரும் ஆண். அதே ஆண்டு ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் மூண்டது. அவ்வாண்டுக் குளிர்காலத்தில், மாண்ட வீரர்களுக்கு இரங்கலுரை ஆற்றிய தலைவர் பெரிக்ளீஸ், புகழுக்காகவோ பழிக்காகவோ ஆண்கள் நடுவில் பேச்சு அடிபடாமல் இருப்பதே பெண்ணுக்குப் பெருமை என்று சொன்னதாக வரலாற்றாசிரியர் துசிடைடீஸ் எழுதியிருக்கிறார். அந்த ஊரில்தான் மெடியா வாய் திறந்து பேசினாள். அந்தத் திருவிழாவின் நாடகப் போட்டியில் யூரிப்பிடீஸுக்குக் கிடைத்தது மூவரில் மூன்றாமிடம்.

ஜேசனின் வாதம் வேறு வகை. பிள்ளைகள் வேறு வழியில் பிறக்குமானால் பெண்ணினமே வேண்டியதில்லை, மனிதருக்குத் துன்பமும் இராது என்று அவன் கூசாமல் சொல்கிறான். பெண் அவனுக்கு வாரிசு தரும் வழி மட்டுமே. அரசகுமாரியை மணப்பதும் பிள்ளைகளின் நலனுக்காகத்தான் என்று சாதிக்கிறான்.

பிறகு மெடியா செய்வதை நான் நியாயப்படுத்த மாட்டேன். நஞ்சு தோய்ந்த ஆடையை அனுப்பி அரசகுமாரியைக் கொல்கிறாள். மகளைத் தழுவிய மன்னனும் மடிகிறான். அடுத்துத் தன் பிள்ளைகளையே வெட்டுகிறாள். இதை வைத்துப் பெண் மனமே கொடியது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் நாடகத்தைச் சரியாகக் கேட்கவில்லை. பகைவர் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதே அவள் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம். மானம் என்றால் பழிவாங்குவது என்பது கிரேக்க வீரர்களின் நெறி. அவமதிக்கப்பட்ட பெண் தன் மதிப்பை மீட்க அந்தச் சமூகம் வேறு வழி எதையும் வைத்திருக்கவில்லை. அவள் ஆண்களின் வாளையே எடுத்துக்கொண்டாள்.

ஊர்ப் பெண்கள் முதலில் அவள் பக்கம் நின்றவர்கள். கணவனைப் பழிவாங்குவது நியாயமே என்று சொல்லி, வாய் திறப்பதில்லை என்று வாக்கும் கொடுத்தவர்கள். பிள்ளைகளைக் கொல்வேன் என்றதும் பதறுகிறார்கள். பெற்ற பிள்ளையைக் கொல்ல மனம் வருமா என்று கேட்கிறார்கள். கணவனை வதைக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை என்கிறாள் மெடியா. பிள்ளைப்பேற்றின் வேதனையைச் சொல்லி நியாயம் கேட்டவள், இப்போது ஜேசனைப் போலவே அந்தப் பிள்ளைகளை அவனுடைய வாரிசுகளாக மட்டும் பார்க்கிறாள். இந்த நாடகத்தின் உண்மையான துன்பியல் அதுதான் என்று நான் கருதுகிறேன்.

வணக்கம்.