போர்த்தோஸை இரண்டு முறை இழந்தேன்

எல்லோருக்கும் வணக்கம்.

நீளமான சரித்திரத் தொடர்களை வாசிப்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஒரு சாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் ‘இரும்பு முகமூடி மனிதன்’ கைக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தனி நாவல் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அதில் போர்த்தோஸ் என்று ஒரு பலசாலி வருவான். ஒரு தீவில், குகைக்குள், துரத்தி வரும் வீரர்கள் மேல் வெடிமருந்துப் பீப்பாயை வீசிவிட்டு ஓடுவான். பாதி வழியில் கால் தளர்ந்துவிடும். குகை இடிந்து பாறைகள் மேலே சரியும். இரண்டு கைகளாலும் தாங்கிப் பார்ப்பான். முடியாது. நசுங்கிச் செத்துப்போவான். நல்ல காட்சி என்று நினைத்தபடி பக்கத்தைப் புரட்டினேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, அது தனி நாவலே இல்லை. ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ 1844-ல் வந்தது (மஸ்கட்டியர்கள் என்றால் அரசரின் துப்பாக்கி வீரர்கள்). அடுத்த ஆண்டே ‘இருபது ஆண்டுகளுக்குப் பிறகு’. அதன்பின் 1847 முதல் 1850 வரை ஒரு மிகப் பெரிய மூன்றாம் கதை. அந்த மூன்றாவதைப் பல துண்டுகளாக்கிப் பதிப்பித்ததில் கடைசித் துண்டுதான் நான் படித்தது. வீட்டுக் கதவைத் திறந்தவுடன் கொல்லைப்புறத்தில் நின்றுவிட்ட மாதிரி. சில வருடங்கள் கழித்து, சரி, முதலிலிருந்தே வாசிப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதல் புத்தகத்தில் போர்த்தோஸ் எப்படி அறிமுகமாகிறான் தெரியுமா? தோளிலிருந்து குறுக்கே தங்க வேலைப்பாடு செய்த வாள்வார் மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி நிற்கிறான். அதன்மேல் சிவப்பு வெல்வெட் மேலங்கி. ஜலதோஷம், அதனால் போர்த்தியிருக்கிறேன் என்கிறான். யாரையோ விரட்டிக்கொண்டு ஓடிவரும் தார்த்தன்யான் என்ற இளைஞன் காற்றில் விரிந்த அந்த மேலங்கிக்குள் சிக்கிக்கொள்கிறான். உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு கணத்தில் பார்த்துவிடுகிறான்: வாரின் முன்பக்கம் மட்டும்தான் தங்கம், பின்பக்கம் வெறும் தோல். முழுவதும் தங்கத்தில் செய்யப் பணமில்லை. முதுகை மறைக்கத்தான் மேலங்கி. விஷயம் சண்டையில் போய் நிற்கிறது. அன்று பகல் பன்னிரண்டுக்கு ஆத்தோஸோடு, ஒரு மணிக்குப் போர்த்தோஸோடு, இரண்டு மணிக்கு ஆராமிஸோடு வாள்சண்டை என்று நாள் குறித்துக்கொள்ளும் தார்த்தன்யான் அந்த மூன்று மஸ்கட்டியர்களுக்கும் உயிர்நண்பனாகிவிடுகிறான்.

இரண்டாம் கதையில் போர்த்தோஸ் பெரிய பணக்காரன். மனைவி விட்டுப்போன சொத்து, நிலபுலன், பெயருக்குப் பின்னால் நீண்ட பட்டப்பெயர்கள். ஆனாலும் குறை தீரவில்லை, ‘பாரன்’ பட்டம் வேண்டும். அந்தத் தோல் வாரின் முதுகுப் பக்கத்தைத்தான் இன்னும் மூடிக்கொண்டிருக்கிறான். இதற்கிடையில் நால்வரும் அரசியலில் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். ஓர் இரவு, இருட்டில் யாரென்று தெரியாமல் நண்பர்களே நண்பர்கள்மேல் வாளை உருவுகிறார்கள். குரலைக் கேட்டபிறகுதான் அடையாளம் தெரிகிறது. முதல் புத்தகம் முழுக்க இவர்களோடு குதிரையில் போனவர்களுக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றுவிடும்.

அப்புறம் மறுபடியும் அந்தக் குகை. பாறை அதேதான், வரிகளும் அவையேதான். இந்த முறை நான் புத்தகத்தை மூடி மார்பில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனை கதவுகளை, எத்தனை ஆட்களை ஒற்றைக் கையால் தள்ளியவன். அந்தப் பலத்தை நாம் கணக்கில் வைத்தே பழகிவிட்டோம். போர்த்தோஸ் இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்று. கால் தளர்வது தன் குடும்பத்தில் நல்ல சகுனமில்லை என்று சற்றுமுன் அவனே சொல்லியிருப்பான். தனிப் புத்தகமாகப் படித்தபோது அந்த வரி என் கண்ணிலேயே படவில்லை.

மூன்றாம் கதையில் அரண்மனைக் காதல் விவகாரங்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீளும். எனக்கு அவை அலுப்பாகத்தான் இருந்தன, மறைக்க விரும்பவில்லை. வேகமாக வாசியுங்கள், ஆனால் தாண்டிப்போகாதீர்கள். ஆத்தோஸின் மகன் ராவுலின் மனம் உடைவது அங்கேதான். அவன் போர்க்களத்துக்குப் போய்த் திரும்பாமல் போவதும், அந்தத் துக்கத்தில் தகப்பன் சாவதும் அந்த அலுப்பான பக்கங்களிலிருந்து முளைப்பவை.

முடிவு தெரிந்த கதையை எதற்கு இத்தனை பாகம் வாசிக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் தலை 1540 ஜூலை 28 அன்று வெட்டப்பட்டது. இது வரலாறு. ஹிலரி மான்டல் அவரைப் பற்றி 2009, 2012, 2020 என்று மூன்று நாவல்கள் எழுதினார். முதல் நாவலின் முதல் பக்கத்தில் ஒரு சிறுவன் அப்பாவிடம் உதை வாங்கித் தரையில் கிடக்கிறான். அப்பாவின் பூட்ஸ் தையல் அவன் கண்ணுக்கு நேரே இருக்கிறது. எழுந்திரு என்று அதட்டுகிறார் அப்பா. மூன்றாவது நாவலின் கடைசிப் பக்கத்தில், கொலைமேடையில், அந்த அதட்டல் திரும்ப வருகிறது. வெட்டு விழும் என்பது நமக்கு முன்பே தெரியும். அந்தக் குரல் வரும் என்று எந்தச் சரித்திரப் புத்தகமும் சொல்லாது.

வரலாறு ஒரு வரி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் இடங்களும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையைச் சொல்லும்போது வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று வருகிறது. அந்தப் பெயரை எடுத்துக் குதிரையில் ஏற்றி, ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் ‘பொன்னியின் செல்வன்’ தொடரில் விட்டார் கல்கி. 1950 முதல் 1954 வரை வாராவாரம் அந்தக் குதிரை ஓடியது. ஐந்து பாகமும் முடிந்த பின்னும் வாசகர்கள் விடவில்லை, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லக் கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியிருந்தது. மூன்றரை வருடம் கூடவே வந்தவர்கள், கேட்காமல் எப்படி இருப்பார்கள்?

பாட்ரிக் ஓ’பிரையனின் கப்பற்படைத் தொடரும் அப்படித்தான். 1969 முதல் 1999 வரை இருபது நாவல்கள். தொடக்கம் 1800 ஏப்ரல், மினோர்கா தீவில் ஓர் இசைக் கச்சேரி. ஜாக் என்ற கடற்படை அதிகாரி தன்னை மறந்து தாளம் போடுகிறார், அதுவும் அரை மாத்திரை முந்தி. பக்கத்து நாற்காலிக்காரர் ஸ்டீஃபன் விலாவில் முழங்கையால் இடிக்கிறார். பின்னால் நூற்றுக்கணக்கான இரவுகள் கப்பல் அறையில் ஒருவர் வயலினும் மற்றவர் செல்லோவுமாக வாசிக்கும் நட்பு இப்படித்தான் தொடங்குகிறது. நெப்போலியன் போர் ஆண்டுகள் கதைக்குப் போதாமல்போனபோது, 1812அ, 1812ஆ என்று கற்பனை வருடங்களைச் சேர்க்க நேரலாம் என்று ஒரு முன்குறிப்பில் அவரே சொன்னார். நாட்காட்டியை நீட்டியாவது அந்த இருவரோடு இன்னும் கொஞ்ச காலம் இருக்க நினைத்தவர் அவர். வாசகனாக எனக்கும் அதே ஆசைதான்.

வரிசையாக வாசிக்கும்போது பெயர்கள் குழம்பினால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாகங்களுக்கு நடுவில் ஒரு வாரம் இடைவெளி விட்டால் தப்பில்லை, ஆறு மாதம் விட்டால் குரல்கள் மறந்துபோகும். உண்மையில் என்ன நடந்தது என்று தேடிப் பார்ப்பதைக் கடைசிப் புத்தகம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். அதற்கப்புறம் தேடுங்கள், நிறையத் தேடுங்கள்.

டூமாவிடம் போவதாக இருந்தால் இரும்பு முகமூடியை இப்போதைக்கு அலமாரியிலேயே விட்டுவையுங்கள். மேலங்கியைப் போர்த்திக்கொண்டு போர்த்தோஸ் வாசலில் நிற்கிறான், மாடிப்படியில் தார்த்தன்யான் ஓடி வந்துகொண்டிருக்கிறான். அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.

நன்றி.