வெந்நீர் விளாவி வைத்திருக்கிறேன்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரைக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘தன்சுத்தமும் உடல்நலமும்’. அதைப் பிடித்துக்கொண்டு பேசினால் நகம் வெட்டுங்கள், இரண்டு வேளை பல் தேய்யுங்கள் என்று ஐந்தாம் வகுப்புப் பாடத்தைத்தான் ஒப்பிக்க வேண்டியிருக்கும். அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மழையில் நான் ஒன்பது நாள் குளிக்காமல் இருந்தேன். பல்லும் சரியாகத் தேய்க்கவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் ஓர் ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்று பேசுவேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மற்றவர்களுக்குக் குளிக்கவும் உடுத்தவும் தலைவாரவும் பழக்கிவிடுவதுதான் என் வேலை. ஆக்குபேஷனல் தெரபி என்பார்கள். அதற்குத் தமிழில் வைத்திருக்கும் பெயர்களில் ‘தொழில்’ என்ற சொல் வந்துவிடுவதால், வேலை வாங்கித் தருகிற இடம் என்று நினைத்து பயோடேட்டாவோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் எங்களிடம் வருகிறவர்கள் பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்த பெரியவர்கள், மனநோயிலிருந்து மீள்கிறவர்கள், சில குழந்தைகள். சட்டைப் பொத்தானை ஒரே கையால் போடுவது எப்படி, நின்றுகொண்டு குளிக்க முடியாதவர் உட்கார்ந்து குளிப்பது எப்படி என்று சொல்லித்தருவோம். அப்படிப்பட்ட நான், இரண்டாவது குழந்தை பிறந்த நாலாவது மாதத்தில், குளியலறைக் கதவைப் பார்த்தாலே மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மலைப்பு என்ற சொல்லைத் தெரிந்தேதான் சொல்கிறேன். சோம்பல் வேறு. சோம்பலில் ஒரு சுகம் இருக்கும்.

எங்கள் வேலையில் ஒரு பயிற்சி உண்டு. எந்தச் செயலை எடுத்துக்கொண்டாலும் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டும். குளிப்பதை நான் ஒருமுறை அப்படி எழுதிப் பார்த்தேன். எழுந்திருக்க வேண்டும். மாற்றுத்துணி தேட வேண்டும். துண்டு கொடியில் காய்ந்ததா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் வருகிறதா, மோட்டார் போட வேண்டுமா? வெந்நீர் வைத்துக் காத்திருக்க வேண்டும். உடுத்தியிருப்பதைக் களைய வேண்டும். முதல் சொம்பை ஊற்ற வேண்டும், அது ஒரு தனி வேலை. சோப்பு, தலை, முதுகு. துவட்ட வேண்டும். ஈர உடம்பில் ஒட்டுகிற துணியை இழுத்துப் போட வேண்டும். அழுக்குத் துணியை ஊறவைக்க வேண்டும். பெண்களுக்கு அதற்கப்புறம் தலைமுடி காய்வது என்று ஒரு மணி நேரம். எனக்குப் பதினெட்டுப் படி வந்தது. நல்ல நாளில் இந்தப் பதினெட்டும் ஒன்றாகக் கோத்துக்கொண்டு தானாக ஓடிவிடுகின்றன. மனம் சோர்ந்திருக்கும்போது கோத்த நூல் அறுந்துவிடுகிறது. ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகக் குனிந்து பொறுக்க வேண்டியிருக்கிறது.

1963-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். முதியவர்களும் நாள்பட்ட நோயாளிகளும் தம்மைத் தாமே எவ்வளவு பார்த்துக்கொள்கிறார்கள் என்று அளப்பதற்கு. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது என ஆறே கேள்வி. இன்றைக்கும் எங்கள் கேஸ் ஷீட்டில் அது இருக்கிறது. பலரைக் கவனித்து அவர்கள் கண்டது என்னவென்றால், இந்த ஆறும் பெரும்பாலும் ஒரு வரிசையில்தான் கைவிட்டுப் போகின்றன. முதலில் போவது குளியல். கடைசியில் போவது சாப்பாடு. உடம்பு தேறி வரும்போதோ சாப்பாடு முன்னால் திரும்பி வருகிறது, குளியல் கடைசியாக வருகிறது. அவர்கள் பார்த்தது உடல் நோயாளிகளை. ஆனால் மனம் களைத்தவர்களிடமும் ஏறக்குறைய இதையேதான் நான் பார்க்கிறேன். ‘நாலு இட்லி திங்கத் தெரியுது, குளிக்கத் தெரியலையா?’ என்று வீட்டில் கேட்கிறார்களே, அதற்குப் பதில் இந்த வரிசையில் இருக்கிறது. திங்க முடியும். குளிக்க முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

ஒருவர் குளிக்காமல் போவதற்குப் பின்னால் பல காரணங்கள் உண்டு. மனச்சோர்வு ஒன்று. அதில் எதைச் செய்தாலும் நன்றாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பே மனத்தில் எழுவதில்லை, அதனால் கால் நகராது. மனச்சிதைவு நோயில் குரல் கேட்பதெல்லாம் மருந்தில் அடங்கிய பிறகும் இந்த முனைப்பின்மை நீண்ட நாள் இருக்கும். வீட்டார் அதைத் திமிர் என்று நினைப்பார்கள். மறதி நோய் வந்த பெரியவர்கள் நேற்றுக் குளித்ததை இன்று குளித்ததாக நினைத்துச் சண்டை போடுவார்கள். மூட்டுவலிக்காரர்களுக்குக் கை தலைக்கு மேல் எழாது. அப்புறம் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள். எட்டு வயதுப் பையன் ஒருவன், ஷவரைத் திறந்தால் அலறுவான். பிடிவாதம் என்று அப்பா இரண்டு போடு போட்டிருக்கிறார். பொறுமையாகக் கேட்டபோது அவன் சொன்னது, ‘ஊசி குத்துது.’ வாளியில் பிடித்து மொண்டு ஊற்றினால் ஒன்றுமில்லை, சிரித்துக்கொண்டு குளித்தான். அவனுக்குப் பற்பசை எரியும், நுரை குமட்டும். பசை இல்லாமல் வெறும் பிரஷ் கொடுத்தோம், தேய்த்தான். பிறகு மெதுவாக, காரமில்லாத, நுரைக்காத ஒரு பசைக்கு வந்தான்.

இன்னொன்று. தன் நாற்றம் தனக்குத் தெரியாது. அது பழிச்சொல் அல்ல, மூக்கு வேலை செய்கிற விதமே அப்படி. ஒரு வாசனைக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும்.

நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. ‘கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு.’ நல்ல பழமொழிதான், குறை சொல்லவில்லை. இல்லாதவனுக்கும் ஒரு மானத்தைக் கொடுக்கிற வாக்கு அது. ஆனால் கூழும் இருந்து, கந்தையும் இருந்து, கசக்கக் கை மட்டும் எழாதவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவர்களுக்கென்று நாம் வைத்திருக்கும் சொல் வேறு. ஆணாக இருந்தால் சோம்பேறி. பெண்ணாக இருந்தால் மூதேவி. விடிந்து இத்தனை நாழி ஆகியும் தலைவாராமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து அந்தச் சொல் வராத வீடு குறைவு. அந்த ஒன்பது நாளில் என்னை யாரும் அப்படிச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. கண்ணாடியைக் கடக்கும்போதெல்லாம் நானே சொல்லிக்கொண்டேன்.

நான் திருச்சிக்காரி. சின்ன வயதில் பாட்டியோடு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போவேன். காவிரியில் தண்ணீர் ஓடும் மாதங்களில் அங்கே குளிப்பது ஒரு கூட்டு வேலை. மஞ்சளை ஒருத்தி உரசுவாள், இன்னொருத்தி முதுகு தேய்ப்பாள், குழந்தைகளை யார் வேண்டுமானாலும் பிடித்துத் தேய்ப்பார்கள். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்துச் சீயக்காய் போட்டுவிடுவதும் பாட்டியின் கைதான். பிரசவமான பெண்ணுக்கோ கேட்கவே வேண்டாம், அவளாகக் குளிக்கவே விடமாட்டார்கள். என் அம்மா எனக்கு மூன்று மாதம் தினமும் ஊற்றிவிட்டு, சாம்பிராணிப் புகையில் தலை உலர்த்தினாள். அப்புறம் நான் என் வீட்டுக்குத் திரும்பினேன். நாலுக்கு ஆறு அடியில் ஒரு குளியலறை, உள்ளே தாழ்ப்பாள், வெளியே அழுகிற குழந்தை. பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் படித்துறையில் பெண்கள் ஈரப் புடவையோடு ஊர் பார்க்க வீட்டுக்கு நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆனாலும், நம் உடம்பைத் தனியாகவே கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு நமக்குப் புதிது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளத்தை மாற்றி. இருபத்து நாலு வயது. அரசுத் தேர்வுக்கு மூன்று வருடமாகப் படிக்கிறான். இருபது நாளாகக் குளிக்கவில்லை, முடி சிக்கு விழுந்துவிட்டது. அவனுடைய அம்மா என் முன்னால் அழுதார். ‘குளிச்சிட்டு வாடான்னு மட்டும்தான் மேடம் கேக்கிறேன், வேற ஒண்ணுமே கேக்கல.’ அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நானும் அவனும் பத்து நிமிடம் சும்மா இருந்தோம். பிறகு அவன் சொன்னான்: ‘குளிச்சேன்னா சரியாயிட்டேன்னு நினைப்பாங்க. அடுத்து என்னன்னு கேப்பாங்க.’

இருபத்திரண்டு வருட வேலையில் குளியலைப் பற்றி நான் கேட்ட மிகத் தெளிவான பேச்சு அதுதான். அவனைப் பொறுத்தவரை அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் சோப்பும் தண்ணீரும் மட்டும் இல்லை. ரிசல்ட் இருந்தது, சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். அவன் குளித்துவிட்டு வந்தால் ஒன்றும் சொல்லாதீர்கள். ‘இப்பத்தான் லட்சணமா இருக்க’ என்றுகூடச் சொல்லாதீர்கள். அது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மனநல மருத்துவர் கொடுத்த மருந்தும் சேர்ந்து, ஆறு வாரத்தில் அவன் வாரம் மூன்று நாள் குளித்தான். மூன்று நாள் போதும் என்று அவர்களுக்குப் புரியவைக்கத்தான் இன்னும் நாளானது.

சரி, என்ன செய்யலாம்? குளியலைச் சுருக்குங்கள். முழுக் குளியல் முடியவில்லையா, ஈரத்துண்டால் முகம், அக்குள், தொடையிடுக்கு, பாதம். ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருப்பவருக்கு நர்ஸ் துடைத்துவிடுவதை யாரும் அழுக்கு என்று சொல்வதில்லையே. அதே கணக்கு வீட்டிலும் செல்லும். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிக் குளியலறையில் போடுங்கள். நிற்பதே பாதிக் களைப்பு. பல் தேய்க்கக் குளியலறைக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்து தேய்க்கலாம். ஒரு வேளைதான் முடியும் என்றால் இரவில் தேய்யுங்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடுவதால் பல்லுக்குக் காவல் குறைவு. நீண்ட கூந்தல் பாரமாக இருந்தால் வெட்டிவிடுங்கள், வளரும். மாற்றுத்துணியை முதல் நாள் இரவே எடுத்து வைத்துவிட்டால் பதினெட்டில் இரண்டு படி குறையும்.

எதையும் செய்ய முடியாத நாளில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், கழிப்பறை போய் வந்தும் சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைச் சொல்வேன். குளிக்காத நாள் தோற்றத்தைக் கெடுக்கும், கழுவாத கை வயிற்றையே கெடுக்கும். சர்க்கரை நோயாளிகள் மட்டும் பாதத்தையும் விரலிடுக்கையும் தினமும் பாருங்கள். நம் ஊர் வேர்வைக்கு உள்ளாடையை மாற்றாமல் இருந்தால் படர்தாமரை வரும். வந்தால் மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பு வாங்கிப் பூசாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், அப்புறம் உடம்பெல்லாம் பரவும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குளித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், புத்துணர்ச்சி பொங்கும் என்று சொல்கிறார்களே, அதை நம்பி ஏமாறாதீர்கள். சில நாள் அப்படி இருக்கும். சில நாள் குளித்த பிறகும் அதே ஆள்தான், ஈரமாக இருப்போம், அவ்வளவுதான். அதனால் குளித்தது வீணாகிவிடாது. மனம் வந்தால் செய்யலாம் என்று காத்திருக்காமல் முதலில் செயலைத் தொடங்கிவிடுவது மனச்சோர்வுக்கு ஒரு சிகிச்சை முறையாகவே இருக்கிறது. அதன் பலன் நாள் கணக்கில் தெரியாது, வாரக் கணக்கில்தான் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறது, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, எதிலும் நாட்டமில்லை என்றால் அது உதவி கேட்க வேண்டிய கட்டம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே கேளுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022-இல் தொடங்கிய இலவசத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் உண்டு. நானும் மாத்திரை சாப்பிட்டேன், எட்டு மாதம்.

ஆனால் அந்த ஒன்பதாம் நாளில் என்னை எழுப்பியது மாத்திரை இல்லை. அன்று லால்குடியிலிருந்து என் மாமியார் வந்தார். உள்ளே நுழைந்ததும் அவருக்குத் தெரிந்திருக்கும், தெரியாமல் இருக்க வழியில்லை. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்தார். குழந்தையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, ‘வெந்நி வெளாவி வச்சிருக்கேம்மா, ஆறிடப் போவுது’ என்றார். குளி என்று சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் சொன்னார். நான் போய் நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு, சோப்புப் போடாமல், தலை நனைக்காமல் வந்தேன். தலைக்கு ஊற்றவில்லையா என்று அவர் கேட்கவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு வாளியில் தண்ணீர் இருந்தது.

இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் குளியலறையில் ஒருமுறை வழுக்கியதிலிருந்து குளிப்பது என்றால் பயம். சுவரில் கைப்பிடி அடித்திருக்கிறோம், ஸ்டூல் போட்டிருக்கிறோம், வழுக்காத விரிப்பும் கிடக்கிறது. ஆனாலும் ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்பார். நான் வெந்நீரை விளாவி வைத்துவிட்டு வந்து, ‘ஆறிடப் போவுது அத்தை’ என்பேன். ‘ஆறட்டும்’ என்பார். சில நாள் எழுந்து வருகிறார். சில நாள் தண்ணீர் ஆறித்தான் போகிறது.

வணக்கம்.