கொண்டை ஊசி வளைவில் வண்டி எவ்வளவு சாயலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போனால், காரவள்ளி அடிவாரத்தில் ஏற்றம் தொடங்கும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் அந்தப் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக ஏறும். இளைஞர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுத் தருபவன் என்ற முறையில் அந்த வரிசையைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் வரும், வயிற்றைக் கலக்கவும் செய்யும்.

என்னிடம் வரும் பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணா, எத்தனை டிகிரி வரைக்கும் சாய்க்கலாம்?" என்பதுதான். மோட்டோஜிபி பந்தயத்தில் 60 டிகிரிக்கு மேல் சாய்ந்து, முழங்காலும் முழங்கையும் தரையில் உரசப் போவதைப் பார்த்திருப்பார்கள். அது சூடேற்றிய பந்தய டயர், பந்தயத்துக்கென்றே போட்ட தளம், எதிரே யாரும் வராத பாதை. நம் மலைப்பாதையோடு அதை ஒப்பிடவே கூடாது.

சாய்வு நாமாக முடிவு செய்கிற விஷயம் இல்லை. வேகமும் வளைவின் இறுக்கமும் சேர்ந்து அதை முடிவு செய்துவிடும். 10 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் சுமார் 17 டிகிரி சாய்ந்தால் போதும். 30-இல் போனால் 35 டிகிரி வேண்டும். 36-ஐத் தொட்டால் 45 டிகிரி. கடைசி 6 கிலோமீட்டர் வேகத்துக்கு மட்டும் 10 டிகிரி கூடுகிறது, கவனியுங்கள். வேகம் இரு மடங்கானால் டயர் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை நான்கு மடங்காகும் என்பதால் வரும் வினை இது. 45 டிகிரியில், வண்டியின் மொத்த எடைக்குச் சமமான விசையை டயர் பக்கவாட்டில் பிடித்து நிற்க வேண்டும். காய்ந்த நல்ல தாரிலேயே அது கடினம். வளைவில் ஜல்லித் தூள், லாரி சிந்திய டீசல், மழை ஈரம், ஏதாவது ஒன்று இருந்தால் போதும், பிடி விட்டுவிடும்.

ஆகவே வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் வளைவுக்கு முன்னால். வண்டி நேராக நிற்கும்போதே இரண்டு பிரேக்கையும் பிடித்து, கியரையும் குறைத்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு ஆக்சிலரேட்டரை மிக லேசாகக் கொடுத்தபடி போனால் வண்டி அலையாமல் நிற்கும். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். இரண்டாம் கியரில் எஞ்சின் தானாக இழுத்துப் பிடிப்பதுதான் இறக்கத்தில் நமக்கு இருக்கும் பெரிய துணை.

நான் விழுந்த கதையைச் சொல்கிறேன். எனக்கு அப்போது 23 வயது. ஒரு மலை இறக்கத்தில் இடப்பக்க வளைவுக்குள் நுழைந்துவிட்டேன். எதிரே பேருந்து. கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. கை தானாக முன் பிரேக்கை இறுக்கியது. சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிமிரப் பார்க்கும், நிமிர்ந்த வண்டி நேராகத்தான் போகும். பேருந்துக்காரர் நிறுத்திவிட்டார். நான் அதன் ஓரமாகப் போய்ச் சுவரில் மோதினேன். காறை எலும்பு முறிந்தது. இன்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அந்த வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் சாய்த்திருந்தால் போதும், வண்டி திரும்பியிருக்கும். டயரில் பிடி மிச்சம் இருந்தது. திரும்ப வேண்டிய பக்கத்தை நான் பார்க்கவே இல்லை, அதுதான் தவறு.

கண் எங்கே போகிறதோ, தோளும் கையும் அங்கே போகும். வளைவு முடியும் இடத்தைத் தேடிப் பாருங்கள், முகவாய்க்கட்டையையே அந்தப் பக்கம் திருப்புங்கள். இடப்பக்க வளைவில் தொடக்கத்திலேயே உள் ஓரத்தை ஒட்டிவிட்டால், முடிவில் எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளப்படுவோம். கொஞ்சம் வெளியே தங்கி, பாதை தெரிந்த பிறகு உள்ளே வர வேண்டும். வலப்பக்க வளைவில் வேறொரு ஆபத்து. டயர் நம் பாதையில்தான் இருக்கும், ஆனால் சாய்ந்த தலை நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வரும் லாரியின் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே நடுக்கோட்டிலிருந்து விலகி நன்றாக இடப்பக்கம் தள்ளிப் போங்கள். பேருந்து திரும்ப முழுச் சாலையும் வேண்டும். ஹாரன் கேட்டால் வளைவுக்குள் நுழையாமல் முன்பே நின்று வழி விடுங்கள். ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை.

அப்புறம், பின்னால் உட்காருபவர். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்வது இயல்பு. கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "நான் திரும்பும் பக்கத்துத் தோள் வழியாக நீயும் பார்." அது ஒன்றே போதும், உடல் சரியாக அமர்ந்துகொள்ளும்.

கடைசியாகக் கைப்பிடி. எட்டு போட்டுத்தான் எல்லோரும் லைசென்ஸ் வாங்கினோம். அந்த மெதுவான வேகத்தில் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கைப்பிடியைத் திருப்புகிறோம். வேகம் கூடியதும் இது மாறிவிடுகிறது. இடப்பக்கம் போக, இடக் கைப்பிடியை முன்னோக்கி லேசாகத் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு நொடி வலப்பக்கம் ஒதுங்க, வண்டி இடப்பக்கம் சாயும். விமானம் செய்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். அவர்களில் வில்பர் பலரிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். தாங்கள் முதலில் எதிர்ப்பக்கம் திருப்புவதை, கேட்டவுடன் ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. நாமும் தெரியாமல்தான் செய்துகொண்டிருக்கிறோம். தெரியாமல் செய்வது, பதற்றம் வரும்போது கைவிட்டுப் போய்விடுகிறது.

ஒரு ஞாயிறு காலை, காலியான பெரிய மைதானம், தலையில் ஹெல்மெட், கையில் உறை. டயரில் காற்று சரியா, நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போங்கள். இடது உள்ளங்கையால் கைப்பிடியை முன்னோக்கி மிக லேசாக அழுத்துங்கள். வண்டி இடப்பக்கம் சாயும். விட்டுவிட்டு வலது உள்ளங்கையால் அழுத்துங்கள். நிமிர்ந்து வலப்பக்கம் வரும். அரை மணி நேரம் இதையே செய்யுங்கள். கை பழகிய பிறகு, கூட்டமில்லாத ஒரு நாளில் காரவள்ளிக்கு வாருங்கள்.

வணக்கம்.